பள்ளி யாருடையது?

ஊர்ப்பெயரின் கடைசியில் 'பள்ளி' என்று இருந்துவிட்டால் போதும், உடனே ஒருவர் வந்து "அது சமணர் ஊர், பிடுங்கிக்கொண்டார்கள்" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் கிடையாது, சாமி பள்ளிகொண்ட ஊர்" என்பார், அப்புறம் மூன்றாவதாக ஒருவர் பள்ளிவாசலை உள்ளே இழுத்துவிடுவார். பல வருடமாக இந்தச் சண்டையைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் தமிழில் இத்தனை பேருக்கு இடம் கொடுத்த சொல் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் போய் பட்டா மாதிரி ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அடியில் இருப்பது தூக்கம். பள்ளி என்றால் படுக்கை, படுக்கும் இடம். இந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. சிவன் கோயில்களில் கடைசி பூஜை முடிந்து சுவாமி போவது பள்ளியறைக்கு. வேலூர் பக்கம் பள்ளிகொண்டா என்று ஊரே இருக்கிறது, அங்கே பெருமாள் படுத்திருக்கிறார். காலையில் எழுப்புவது பள்ளியெழுச்சி. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனை எழுப்பப் பத்துப் பாட்டு பாடினார், மாணிக்கவாசகர் சிவனை எழுப்பப் பத்துப் பாட்டு பாடினார், இரண்டிலும் ஒவ்வொரு பாட்டும் "பள்ளி எழுந்தருளாயே" என்றுதான் முடிகிறது. சைவமும் வைணவமும் ஒரே வார்த்தையில் கதவைத் தட்டுகின்றன. பாரதியார் அதே வடிவத்தை எடுத்து பாரத மாதாவை எழுப்பினார்.

செத்துப்போனதையும் தூக்கமாகச் சொல்வது நம் வழக்கம். மேல்பாடியில் ராஜராஜ சோழன் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது. அவனுடைய பாட்டன் அரிஞ்சயன் ஆற்றூரில் இறந்தவன், அதனால் கல்வெட்டு அவனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்கிறது, அவனுக்காக எழுப்பிய அந்தக் கோயிலைப் 'பள்ளிப்படை' என்கிறது. தூங்கியவருக்கு ஒரு பள்ளி. இறந்தவரைப் பற்றி இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரி, படுக்கை எப்படி மதத்துக்குள் வந்தது? இதற்கு மதுரை பக்கத்துக் குன்றுகளுக்குத்தான் போகவேண்டும். சமணத் துறவிகளுக்கு மழைக்காலம் முழுக்க ஓர் இடத்தில் தங்கவேண்டும் என்று விதி, நடந்தால் புழு பூச்சி மிதிபடும் என்பதற்காக. அவர்கள் தங்கிய குகைகளில் பாறையைச் செதுக்கிப் படுக்கை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம், தலைப்பக்கம் மட்டும் கல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டு அதையே தலையணையாக்கி இருக்கும். கையால் தடவினால் சில இடங்களில் வழவழவென்று இருக்கும். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே வந்துவிடாதபடி நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள், அந்தக் காடிக்குக் கீழே எழுத்து இருக்கும். ஊர்க்காரர்கள் பல இடங்களில் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள், யாரோ பெரியவர்கள் படுத்திருந்தார்கள் என்ற நினைவு மட்டும் தங்கியிருக்கிறது.

அப்படி ஓர் இடம்தான் மாங்குளம். அங்கே மலையில் இருக்கும் தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டுகளைக் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்கிறார். கணி நந்தன் என்ற துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனுடைய ஆள் கடலன் வழுதி வெட்டிக்கொடுத்த தானம் அது. எதை வெட்டிக் கொடுத்தான் என்பதை அதில் 'பளிஇய்' என்று எழுதியிருக்கிறார்கள். நம் பள்ளிதான். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆன எழுத்து. படுக்கை என்ற பொருளும் துறவி தங்கும் இடம் என்ற பொருளும் அந்தக் கல்லில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, எது எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியாது.

அப்படியானால் பள்ளி சமணருடையதுதானே என்று கேட்பவர்கள் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். மதுரை நகரைச் சுற்றிக்காட்டும்போது அதில் 'கடவுட் பள்ளி' வருகிறது, அது பௌத்தருடையது என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் சொல்கிறார். அடுத்து 'அந்தணர் பள்ளி' வருகிறது, குன்றைக் குடைந்தது போல இருக்குமாம். அதற்கும் அடுத்து வரும் சமணர் இடத்தைப் பாட்டு 'சேக்கை' என்கிறது. சேக்கை என்றாலும் தங்குமிடம்தான், படுக்கைதான். அதாவது அந்தக் காலத்திலேயே பள்ளி என்பது ஒரு மதத்தின் பெயர்ப்பலகை இல்லை, வேதம் ஓதுகிறவர் இடமும் பள்ளி, புத்தரைக் கும்பிடுகிறவர் இடமும் பள்ளி.

இதில் கசப்பான பகுதியைத் தாண்டிப்போக எனக்கு விருப்பமில்லை. பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், இருந்த அமண் பள்ளிகளையும் சமணர் தங்கிய பாழிகளையும் பல்லவ மன்னன் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபர ஈச்சரம் என்ற சிவன் கோயிலை எடுத்தான் என்று பெரியபுராணமே சொல்கிறது. சேக்கிழார் அதைப் பெருமையாகத்தான் பாடுகிறார். இப்படியெல்லாம் நடக்கவே இல்லை என்று வாதாடுகிறவர்கள் யாரோடு வாதாடுகிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை.

ஆனால் அதே கதையின் நாயகரைப் பாருங்கள். திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரில் அந்தச் சமணப் பள்ளியில் இருந்தவர். பள்ளி என்றால் என்ன என்று உள்ளேயிருந்து தெரிந்தவர். பிறகு சைவத்துக்குத் திரும்பி ஊர் ஊராகப் பாடிய அவர், அடைவு திருத்தாண்டகம் என்று ஒன்று பாடியிருக்கிறார். சிவன் இருக்கும் ஊர்களைப் பெயரின் கடைசிச் சொல்லை வைத்துத் தொகுத்துத் தொகுத்துச் சொல்லும் பதிகம் அது, ஊர் என்று முடிபவை, குடி என்று முடிபவை, காடு, ஆறு, துறை என்று. அதில் பள்ளிக்கும் ஒரு பாட்டு உண்டு: சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, சிராப்பள்ளி, நனிபள்ளி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். சமணரை அவ்வளவு கடுமையாகப் பாடியவருக்கு அந்தச் சொல் மட்டும் கசக்கவில்லை. நான் இந்தப் பாட்டைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதில் வரும் சிராப்பள்ளி, நம் திருச்சிராப்பள்ளி. மூன்று தலை அசுரன் திரிசிரன் பூசித்த இடம் என்று தலபுராணம். மலையின் பின்பக்கம் கல்படுக்கைகள் இருக்கின்றன, 'சிரா' என்ற பெயரும் அங்கே பொறித்திருக்கிறது, அதனால் சிரா என்ற துறவியின் பள்ளி என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதற்காகப் பள்ளி என்று முடியும் எல்லா ஊரிலும் துறவியைத் தேடக்கூடாது, ஏனென்றால் பள்ளி என்றால் சும்மா சின்ன ஊர் என்றும் பொருள் உண்டு. ஆந்திராவில் பல்லி, கர்நாடகத்தில் ஹள்ளி என்று ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே, அந்தக் குடும்பம். ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நாகப்பட்டினத்துக்கு வருவோம். ஸ்ரீவிஜய மன்னன் அங்கே கட்டிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை ராஜராஜன் எழுதிக்கொடுத்தான், அவன் பட்டத்துக்கு வந்த 21ஆம் ஆண்டில். அந்தச் செப்பேடு நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்ற பெயரில் பிரபலமாகிவிட்டது. அதன் தமிழ்ப் பகுதியில் வெறும் விகாரம் என்று எழுதவில்லை, 'சூளாமணிபன்ம விகாரத்துப் பள்ளி' என்று எழுதியிருக்கிறார்கள். இப்படிச் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர், கோயிலுக்குத் தேவதானம் போல. பெருவுடையார் கோயில் எடுத்த அதே ராஜாவின் கணக்கர்கள் இரண்டையும் எழுதினார்கள்.

அந்த விகாரத்தோடு சேர்ந்தது என்று கருதப்படும் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை கடற்கரையில் நின்றது. 1867இல் இயேசு சபையினர் ஆங்கில அரசின் அனுமதி வாங்கி, கல்லூரிக் கட்டிடத்துக்காக அதை இடித்தார்கள். அந்தக் கல்லூரியோ 1883இல் ஊரைவிட்டே கிளம்பித் திருச்சிக்குப் போய்விட்டது, இன்றைய தூய வளனார் கல்லூரி அதுதான். படிப்புக்காகத்தான் இடித்தார்கள், நானும் படிப்பை மதிக்கிறவன்தான், ஆனாலும் இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், பார்க்காதவர்கள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

பள்ளிக்கூடம் என்ற சொல் துறவிகளின் பள்ளியிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். கழுகுமலைப் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் நிறைய இருக்கின்றன, குரத்திகள் என்று பெண் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி என்ற நான்கையும் தானமாகக் கொடுக்கச் சொன்ன மதம் அது. இதைப் பார்த்தபிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மேற்கே மலையைத் தாண்டினால் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை. 849இல் தென்கேரளத்து வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு நிலமும் உரிமைகளும் எழுதிக்கொடுத்தார். கட்டியவர் மருவான் சபீர் ஈசோ. தேவாலயத்தின் பெயர் தரிசாப்பள்ளி. பட்டயம் வட்டெழுத்தில் இருக்கிறது, சாட்சிகள் அரபு எழுத்திலும் பாரசீகத்தின் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்றும் மலையாளத்தில் சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி, கொச்சியில் யூதர்கள் 1568இல் கட்டியது யூதப்பள்ளி. ராஜாவின் தூக்கம் பள்ளிக்குறுப்பு. இலங்கையில் சிங்களவர்கள் தேவாலயத்தை 'பல்லிய' என்கிறார்கள், அதுவும் நம்மிடமிருந்து போனதுதான்.

அப்படியிருக்க, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் மட்டும் ஏன் மாதா கோயில் என்கிறார்கள்? என் கணிப்பு என்னவென்றால், கேரளத்தில் கிறிஸ்தவம் வேரூன்றிய காலத்தில் பள்ளி என்பது மதிப்போடு புழங்கிக்கொண்டிருந்த சொல். இங்கே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு பாதிரியார்கள் கரையேறியபோது சமணப் பள்ளிகள் பெரும்பாலும் ஓய்ந்துபோயிருந்தன, மக்கள் வாயில் கும்பிடும் இடம் என்றால் கோயில்தான். கோயில் என்ற சொல்லே ராஜாவின் வீடு என்பதிலிருந்து வந்தது, கோ இருக்கும் இல். அங்கே ஒருவர் வீற்றிருக்கிறார், நாம் பார்க்கப் போகிறோம். பள்ளியில் வந்து தங்குகிறவர்கள், கூடுகிறவர்கள்தான் முக்கியம். துறவிகளும் தொழுகைக்குக் கூடுபவர்களும் படிக்க வந்த பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்குள் சுலபமாக நுழைந்தது இதனால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம்களிடம் இந்தச் சொல் உயிரோடு இருக்கிற அளவுக்கு மற்றவர்களிடம் இல்லை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ "வாப்பா பள்ளிக்குப் போயிருக்காங்க" என்றால் தொழப்போயிருக்கிறார் என்று அர்த்தம், பிள்ளைகள் போவது பள்ளிக்கூடம். தொழுகை, நோன்பு, பெருநாள் என்று மற்ற சொற்களும் அப்படியே தமிழ். கீழக்கரையின் பழைய பள்ளியில் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத் தூண் வேலை செய்த கைகள்தான் இதையும் செய்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும்.

கீழக்கரைக்குக் கொஞ்ச தூரத்தில் திருப்புல்லாணி. ராமன் கடலைக் கடக்க வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் பள்ளிகொண்ட இடம் என்பது ஐதீகம், அங்கே ராமர் படுத்த கோலத்தில்தான் இருக்கிறார். அந்தப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப் பட்டணத்தில் சோனகர்கள், அதாவது அரபு வழி வந்த முஸ்லிம்கள், கட்டியிருந்த பள்ளிக்கு நிலம் விட்ட செய்தி அது. 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்று பெயரோடு எழுதியிருக்கிறார்கள். பெருமாள் பள்ளிகொண்ட இடத்துச் சுவரில் பள்ளிவாசலுக்கான கொடையை வெட்டிவைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. ஊர்ப்பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ராமநாதபுரம் பக்கம் போனால் அதைத் தேடிப் பார்த்துவிட்டு வரட்டும்.