ஒரு மாருதி இன்ஜினும் மூன்று பல்சர் கார்புரேட்டரும்

ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் இன்ஜின் இருமும். ஃபேன் நின்றால் இருமலும் நிற்கும். இந்த ஒரு வியாதிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இன்ஜின் கோவை உக்கடத்தில் பழைய இரும்பு விலைக்கு வாங்கிய மாருதி 800, எஃப்8பி மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர். முழுசாகப் பிரித்து, ரிங், பேரிங் மாற்றி, வால்வு லேப்பிங் எல்லாம் வீட்டு ஷெட்டிலேயே பார்த்துக் கோத்தது. தோட்டத்துக்குள் ஓட்ட ஒரு பக்கி (மேலே திறந்த சின்ன வண்டி) கட்டுகிறோம், ரோட்டுக்கு இல்லை (வண்டியைக் கம்பெனி கொடுத்த மாதிரி இல்லாமல் மாற்றக் கூடாது என்று 2019-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது). இந்தக் குட்டி இன்ஜினை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று சிரித்தவர்களுக்கு ஒரே பதில்தான்: நம்ம ஊர் கரிவரதன் இதே இன்ஜினை வைத்துத்தான் ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினார்.

வாங்கும்போதே இன்ஜினோடு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது) வரவில்லை. நண்பனிடம் பல்சர் 220 பைக்கின் கார்புரேட்டர் ஒன்று சும்மா கிடந்தது, 32 மி.மீ., வேக்குவம் டைப். அதே மாதிரி இன்னும் இரண்டு தேடிப் பிடித்தால் சிலிண்டருக்கு ஒன்று என்று மாட்டிவிடலாமே என்று தோன்றியது. பைக் கார்புரேட்டர் கார் இன்ஜினுக்குப் பத்தாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு காற்றை இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 796-ஐ மூன்றால் வகுத்தால் சிலிண்டருக்கு 265 சிசி. பைக்கில் 220 சிசி 8500 ஆர்பிஎம்மில் இழுக்கிறது, பெருக்கினால் 18,70,000. நம் இன்ஜினை 5500-க்கு மேல் விரட்டப் போவதில்லை, 265-ஐ 5500-ஆல் பெருக்கினால் 14,57,500. பத்தாமல் எங்கே போகும்?

கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் செய்வது நினைத்ததைவிடச் சுலபம். மேனிஃபோல்ட் பேக்கிங்கை 10 மி.மீ. அலுமினியத் தகட்டின் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டி, மூன்று பைப்பை ஆர்கான் வெல்டிங் வைத்து, அந்தப் பைப்பில் பல்சரின் ரப்பர் ஹோஸையே கிளாம்ப் போட்டு இறுக்கியாச்சு. கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஒன்னு வெச்சாலே ட்யூனிங் நிக்க மாட்டேங்குது, உங்களுக்கு மூணு வேணுமாக்கும்?" என்றார். சொன்னது சரிதான், அப்புறம்தான் தெரிந்தது.

முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் கொட்டியது. பைக்கில் டேங்க் மேலே இருக்கிறது, பெட்ரோல் தானாக இறங்குகிறது. அரை மீட்டர் உயரத்துக்கு அரை பிஎஸ்ஐ வந்தால் அதிகம். கார் பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு, கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் அந்தச் சின்ன ஃப்ளோட் ஊசி தாங்குமா? பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்து லிட்டர் டேங்க் ஒன்றை உயரத்தில் மாட்டினேன். பிரச்சினை அதோடு முடிந்தது.

அடுத்தது மூன்றையும் ஒரே மாதிரி திறக்க வைப்பது. ஒரு ராடில் மூன்று லீவர் வைத்து, லீவருக்கு ஒரு கேபிள். சமமாகத் திறக்கிறதா என்று பார்க்க கேஜ் எல்லாம் வாங்கவில்லை. கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் பலகையில் கட்டி, பாதிக்கு 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) ஊற்றி, ஒரு முனையை முதல் பைப்பிலும் இன்னொன்றை இரண்டாவது பைப்பிலும் சொருகினேன். அதிகமாக உறிஞ்சுகிற பக்கம் ஆயில் ஏறும். ஏறியது, ஏறியது, நேராக இன்ஜினுக்குள்ளேயே போய்விட்டது. ஷெட் முழுக்க வெள்ளைப் புகை, பக்கத்து வீட்டு அக்கா மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த தடவை டியூபை நீளமாக விட்டு, இரண்டு முனையிலும் பழைய பைலட் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும், சின்னத் துளை உள்ள துண்டு) ஒவ்வொன்றைத் திணித்தேன், துடிப்பு அடங்கி ஆயில் நிதானமாக நின்றது.

இப்போது அந்த இருமல். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் தண்ணீர் சூடாகி ஃபேன் ஆன் ஆகும், உடனே லொக் லொக். ஃபேன் கரண்டை இழுப்பதால் ஸ்பார்க் குறைகிறது என்று நினைத்து காயில் மாற்றினோம், எர்த் வயர் புதிதாக இழுத்தோம், பெட்ரோல் அதிகம் போகட்டும் என்று மெயின் ஜெட்டைக்கூட இரண்டு சைஸ் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் ஃபேன் காற்று முகத்தில் சூடாக அடிக்கிறதே என்று ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து ஃபேனுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மறைப்பாகப் பிடித்தேன். இருமல் நின்றது. அட்டையை எடுத்தேன், இருமியது. மறுபடி வைத்தேன், நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணம் மூச்சு விட ஒரு சின்ன ஹோஸ் உண்டு. கிண்ணத்துக்குள்ளும் கார்புரேட்டர் வாயிலும் காற்றழுத்தம் ஒன்றாக இருந்தால்தான் ஜெட்டில் பெட்ரோல் அளவாக ஏறும். நான் மூன்று ஹோஸையும் ஃபேனுக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறேன். ஹோஸ் வாய்க்குக் குறுக்கே காற்று ஓடினால் உள்ளே அழுத்தம் குறையும், பெட்ரோல் சரியாக ஏறாது, லீன் ஆகிவிடும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி. ஜெட்டைக் குறை சொல்லி என்ன பயன்? மூன்றையும் ஒரு டீ ஜாயின்ட்டில் சேர்த்து, ஏர் ஃபில்டர் பிளேட்டுக்குப் பின்னால் காற்றுப் படாத இடத்தில் விட்டேன். மொத்தச் செலவு ஒன்றரை மீட்டர் ஹோஸ். ஏற்றிய மெயின் ஜெட்டையும் ஒரு சைஸ் இறக்கியாச்சு.

நேற்று அரை மணி நேரம் ஓடவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முதல் இரண்டும் நல்ல பிரவுன். மூன்றாவது மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பு, அதாவது பெட்ரோல் அதிகம்; குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டும் சோக் முழுசாகத் திரும்பவில்லையோ என்று சந்தேகம். வர்ற ஞாயிறு பார்க்கணும்.