உருபு மறையும் இடங்கள்: நெட் தேர்வுக்கு அணி இலக்கணம் பயின்ற அனுபவம்

2023 ஜூன் பருவத்தில், உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைத் தமிழ்ப் பாடத்தில் நான் முதன்முறையாக எழுதினேன். முதல் தாளில் 50 வினாக்கள், பாடத்துக்குரிய இரண்டாம் தாளில் 100 வினாக்கள் என மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டிய தேர்வு அது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளின் பெயர்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் செய்திருந்ததால், அணி இலக்கண வினாக்களைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. ஆனால் பாடலடியைக் கொடுத்து அணியைப் பொருத்தச் சொன்ன இடத்தில், எடுத்துக்காட்டு உவமையணியா வேற்றுப்பொருள் வைப்பணியா என்று முடிவு செய்ய இயலாமல் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலக்கணம் மனத்தில் இருந்தது. அதைப் பாட்டில் கண்டறியும் பழக்கம்தான் இல்லை. அந்த முறை எனக்குத் தகுதி கிடைக்கவில்லை.

அப்போது நான் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு அரசுப் பேருந்தில் நாள்தோறும் வேலைக்குச் சென்றுவந்தேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. நெரிசலில் புத்தகத்தைப் பிரிக்க முடியாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதப்பட்டிருக்கும் திருக்குறள் மட்டுமே படிக்கக் கிடைக்கும். ஒரு காலைப்பொழுதில், அய்யம்பேட்டையைத் தாண்டிய பிறகும் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றுகொண்டிருந்த பேருந்தில், 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்' என்ற குறள் கண்ணில் பட்டது. மயிலிறகு ஏற்றிய வண்டியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். வலியறிதல் அதிகாரத்தில் உள்ள இந்தக் குறளில் அரசன் எங்கே, பகைவர் எங்கே, வலிமை எங்கே என்று தேடினேன். வண்டியும் இறகும் அச்சும் மட்டுமே இருந்தன. சொல்ல வந்த பொருள் குறளில் ஓரிடத்திலும் இல்லை.

அன்றிரவு பரிமேலழகர் உரையை எடுத்துப் பார்த்தபோது, இதனைப் பிறிது மொழிதல் என்று கூறிவிட்டு, நுவலா நுவற்சி என்பாரும் ஒட்டு என்பாரும் உளர் என்றும் அவர் குறித்திருந்தார். நுவலாமலே நுவல்வது, அதாவது சொல்லாமலே சொல்வது! அந்தப் பெயரிலேயே இலக்கணம் முழுவதும் அடங்கியிருப்பதைக் கண்டு நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நான் வாங்கியிருந்த வழிகாட்டி நூலில் ஒட்டு ஓரிடத்திலும் பிறிது மொழிதல் வேறோர் இடத்திலும் தொடர்பில்லாத இரண்டு அணிகளைப்போல இருந்தன. நானும் அவற்றைத் தனித்தனியாகவே மனப்பாடம் செய்திருந்தேன்.

அதன்பின் என் படிப்பு முறை மாறியது. ஓர் அடியைக் கண்டதும், உவமை, சொல்ல வந்த பொருள், இரண்டையும் இணைக்கும் 'போல' போன்ற உருபு ஆகிய மூன்றில் எது இருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்று முதலில் பார்க்கத் தொடங்கினேன். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்னும்போது மூன்றும் வெளிப்படையாக நிற்கின்றன, அது உவமையணி. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு' என்பதில் கேணி ஒரு தொடராகவும் அறிவு ஒரு தொடராகவும் அருகருகே நிற்க, உருபு மட்டும் மறைந்துவிடுகிறது; அது எடுத்துக்காட்டு உவமை. 'பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்னும்போது செயலும், பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. ஆனால் செயலைக் கட்டளைக்கல்லாக்கிய வள்ளுவர் பெருமையையும் சிறுமையையும் பொன்னாக உருவகம் செய்யாமல் விட்டதால், அது ஏகதேச உருவகம். கடைசியில் பொருளே மறைந்து உவமை மட்டும் எஞ்சினால், அது பேருந்தில் கண்ட பிறிது மொழிதல்.

என்னைத் தடுமாறச் செய்த வேற்றுப்பொருள் வைப்பும் இந்த வழியில்தான் தெளிந்தது. இருள் நீக்கி ஒளி வளர்த்த கதிரவனும் மறைந்தான் என்று ஒரு சிறப்புச் செய்தியைக் கூறி, உலகில் பிறந்தவர்களில் இறவாது வாழ்பவர் யார் என்ற பொதுச் செய்தியால் அதை முடிக்கும்போது, பின்னது முன்னதைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. மணற்கேணி அறிவைத் தன்னுள் அடக்கவில்லை. அதற்கு இணையாக நிற்கிறது. இந்த ஒரு வேறுபாடு முன்பே விளங்கியிருந்தால் அத்தனை நேரத்தை நான் இழந்திருக்க மாட்டேன்.

ஓரடியின் எந்தெந்தச் சீர்களில் மோனை போன்றவை வருகின்றன என்பதைக் கொண்டு பெயரிடும் தொடை விகற்பங்களுக்கு இவ்வளவு சிந்தனை தேவைப்படவில்லை, பயிற்சியே போதுமானதாக இருந்தது. ஆட்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரல்களையும் நான்கு சீர்களாகக் கொண்டு, மோனை வரும் விரல்களை மடக்குவேன். 'பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றை' என்ற அடிக்கு மூன்று விரல்கள் மடங்கிச் சுண்டுவிரல் நிமிர்ந்து நிற்கும், அது கூழை. 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' என்றால் நான்கும் மடங்கும்; அது முற்று. தேர்வறையிலும் மேசைக்கடியில் விரல்களை மடக்கித்தான் விடை குறித்தேன்.

2023 டிசம்பர் பருவத்தில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. அந்த ஆறு மாதங்களில் நான் எழுதிய குறிப்பேட்டை இப்போது இளையோர் சிலர் நகல் எடுத்துச் செல்கிறார்கள். பெரும்பாலோர் முதல் பக்கத்தில் உள்ள 35 பெயர்களின் பட்டியலை மட்டும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, மயிலிறகு வண்டிக் குறள் எழுதியிருக்கும் பதினொன்றாம் பக்கத்தைத் திறந்து கொடுக்கிறேன்.