ஹாரோ குன்றும் பெயர் செதுக்கிய பையன்களும்

லண்டனில் ஹாரோ பள்ளியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலர் இறங்கும் இடத்திலேயே தவறிவிடுகிறார்கள். ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் வேறு நிலையம். அங்கே இறங்கினால் வீண் நடை. லண்டன் சுரங்க ரயிலின் மெட்ரோபாலிட்டன் பாதையில், ஐந்தாம் கட்டண மண்டலத்தில் உள்ள ஹாரோ-ஆன்-தி-ஹில்தான் சரி. பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஏறத்தாழ 20 நிமிடம். கடைத்தெருப் பக்கம் போகாமல் லோலண்ட்ஸ் சாலைப் பக்கம் வெளியே வாருங்கள். அங்கிருந்து கால் மணி நேர ஏற்றம். செங்குத்தான சரிவு, மழை நாளில் வழுக்கும்; நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். சரிவு எத்தனை பொல்லாதது என்பதை க்ரோவ் ஹில்லில் உள்ள நினைவுப் பலகையே சொல்லும். 1899 பிப்ரவரி 25 அன்று இந்த இறக்கத்தில் வந்த காரின் சக்கரம் நொறுங்கி ஓட்டியவர் இறந்தார். பிரிட்டனில் கார் ஓட்டுநர் உயிரிழந்ததாகப் பதிவான முதல் விபத்து அது.

ஜான் லயன் என்ற உள்ளூர் விவசாயி 1572இல் முதலாம் எலிசபெத்திடம் சாசனம் பெற்றுத் தொடங்கிய பள்ளி இது. 1615இல் கட்டிய பழைய கட்டடத்தில் 'நான்காம் படிவ அறை' இருக்கிறது. சுவரின் மரப்பலகை முழுக்கப் பையன்கள் கத்தியால் கீறிய பெயர்கள்: கவிஞர் பைரன், பீல், பாமர்ஸ்டன். நம்மூர் பெஞ்சில் காம்பஸ் முனையால் செதுக்குவோமே, அதே குறும்புதான். இந்த மூவரில் பீலும் பாமர்ஸ்டனும் பிரதமரானார்கள். முன்பதிவு செய்த சுற்றுலாவில்தான் உள்ளே விடுவார்கள். மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி என்பதால், சும்மா போய்க் கதவைத் தட்டினால் திரும்ப வேண்டியதுதான்.

பிரிட்டனுக்கு ஏழு பிரதமர்களைத் தந்த பள்ளி. சுட்டுக்கொல்லப்பட்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமரான ஸ்பென்சர் பெர்சிவலும் இங்கே படித்தவர்தான். ஆனால் நமக்குச் சுவையான ஜோடி சர்ச்சிலும் நேருவும். சர்ச்சில் 1888 முதல் 1892 வரை படித்தார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரித் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறினார். நேரு 1905இல் பதினைந்து வயதில் சேர்ந்து, 1907இல் கேம்பிரிட்ஜ் போனார். பரிசாக வாங்கிய, இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி பற்றிய புத்தகம் அவரை இந்திய விடுதலையின் பக்கம் யோசிக்க வைத்தது. பின்னாளில் சர்ச்சில் பிரதமராக இருந்தபோதுதான் நேரு அகமத்நகர் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார்.

சுற்றுலா கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம். சர்ச் ஹில் வழியாகப் புனித மரியாள் தேவாலயத்துக்கு ஏறுங்கள். என்னைக் கேட்டால் குன்றில் பார்க்க வேண்டியது இதுதான். மேற்குச் சரிவைப் பார்த்தபடி இருக்கும் பீச்சி கல்லறையின் மேல் பைரன் மணிக்கணக்கில் படுத்துக் கனவு கண்டாராம். வந்தவர்களெல்லாம் நினைவாகக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனதால் அதற்கு இரும்புக் கூண்டு போட்டுவிட்டார்கள்.

தேவாலய வாசலருகே பைரனின் மகள் அலெக்ரா புதைந்திருக்கிறாள். இத்தாலியில் 1822இல் ஐந்து வயதில் இறந்தவள். உள்ளே நினைவுக்கல் வைக்க பைரன் விரும்பினார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவள் என்று தேவாலயத்தார் மறுத்தார்கள். 1980 வரை அந்த இடத்தில் அவள் பெயரே இல்லை. தகப்பன் பெயரோ கொஞ்சம் கீழே, பள்ளிச் சுவரில், கத்திக் கீறலாக.

திரும்பும்போது வந்த வழியே இறங்காதீர்கள். ராக்ஸெத் ஹில் வழியாக இறங்கினால் அரை மணிக்குள் சவுத் ஹாரோ. பிக்கடில்லி பாதை அங்கே கிடைக்கும். நார்த்தோல்ட் சாலையில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உண்டு. ஏறி இறங்கிய பசிக்குக் கொத்து ரொட்டி நல்ல துணை.