பூட்டில்லாத வைஃபை

நேற்று ராத்திரி மொட்டை மாடியில் போனைத் திறந்தால், அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலேயே மூன்று வைஃபை பூட்டுக் குறி இல்லாமல், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் தெரிந்தன. ஒன்று எதிர்வீட்டு அக்காவுடையது. காலையில் போய்ச் சொன்னேன்.

"பக்கத்துப் பிள்ளைங்க படிக்கட்டும்னுதான் தம்பி விட்டிருக்கேன்" என்றார். நல்ல மனசு. ஆனால் வேறு யாரோ செய்யும் தப்பும் அவர் கணக்கில்தான் பதிவாகும். 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பு மிரட்டல் மின்னஞ்சல் நவி மும்பையில் ஒருவரின் வீட்டு வைஃபை வழியாகத்தான் போனது. போலீஸ் முதலில் விசாரித்தது அவரைத்தான்.

அதைக் கேட்டதும் அக்கா ரவுட்டரைக் காட்டினார். அடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே அட்மின் பாஸ்வேர்டு, அதாவது ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டு! முதலில் அதை மாற்றினோம். அப்புறம் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையைப் போட்டு, வைஃபைக்கு நீளமாக ஒரு பாஸ்வேர்டு. பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொள்வார்.

மற்ற இரண்டும் யாருடையவை? கூப்பிடுங்கள், சாயங்காலம் நானே வந்து மாற்றித் தருகிறேன்.