பெரியம்மா கொண்டுவந்த துவக்கு

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கார் வெளியே ஒழுங்கையில் வெயில் காய்கிறது, கார் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு பெற்றோல் பம்பு நிற்கிறது. ஏவெரி ஹார்டோல் என்று தகடு அடித்த பழைய இங்கிலாந்துப் பம்பு. நெற்றியில் கடிகாரம் மாதிரி வட்டமும் முள்ளும், ஆனால் காட்டுவது பெற்றோலின் கலன் (கேலன்) கணக்கு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு, "ஐசே, உங்கட மணிக்கூடு நிக்குது" என்பார்கள்.

பழைய இரும்புக்காரரிடம் வாங்கும்போது அது நீல நிறம். சுரண்டச் சுரண்டக் கீழே மஞ்சளும் சிவப்பும் வந்தது. அப்படியென்றால் இது ஷெல்காரருடைய பம்பாகத்தான் இருக்கவேண்டும், அதாவது 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தொடங்கி வெளிநாட்டுக் கம்பனிகளின் பெற்றோல் செட்டுகளை அரசாங்கம் எடுப்பதற்கு முந்திய நிறம். மூன்று நாள் இருந்து சுரண்டினேன். அந்த மூன்று நாளும் மனைவி என்னைச் சுரண்டியது தனிக்கதை.

எல்லாம் சரி, குழாய் நுனியில் நொசில், அதுதான் பெற்றோல் அடிக்கிற அந்தத் துவக்கு மாதிரிச் சாமான், மட்டும் இல்லை. அமெரிக்காவில் வேய்ன், டொக்ஹைம் பம்புகளுக்குக் கண்ணாடி முதல் வாஷர் வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதில் அழகான ஒரு அங்குலப் பித்தளை நொசில் ஒன்றைப் பிடித்து, டொரொண்டோவில் இருக்கும் மனைவியின் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பவைத்தேன். அவரும் பாவம், சேலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியை ஸ்கேன் பண்ணிய அதிகாரி, இது என்ன என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா கனடாவில் பழகின இங்கிலிஷில், கொஞ்சமும் யோசிக்காமல், "கன்" என்றிருக்கிறார். பெற்றோல் என்ற சொல் பின்னால்தான் வந்ததாம், அது விஷயத்தை இன்னும் மோசமாக்கிவிட்டது. நான் வெளியே பெயர்ப்பலகையோடு ஒன்றரை மணிநேரம் நின்றேன். வந்தவர் என்னிடம் சொன்ன முதல் வசனம்: "தம்பி, உனக்கு வேற விளையாட்டே கிடைக்கேல்லையா?"

அடுத்த நாள் நொசிலைப் பூட்டினேன். இரண்டு சுற்றுச் சுற்றியது, மூன்றாவதில் திருகுப்புரி இறுகிவிட்டது. எனக்குப் புரி புரியவில்லை. கிராண்ட்பாஸில் லேத் வைத்துக் கடைசல் வேலை செய்யும் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சீப்பு மாதிரி ஒரு தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு, "இது அமெரிக்கன், உங்க பம்பு வெள்ளைக்காரன்" என்றார். விஷயம் இதுதான்: ஒரு அங்குலக் குழாயில் இங்கிலாந்துக்காரனுக்கு அங்குலத்துக்கு 11 புரி, அமெரிக்கனுக்கு பதினொன்றரை. புரியின் கோணமும் அவனுக்கு 55 பாகை, இவனுக்கு 60. வெளிவிட்டம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரித்தான் இருக்கும். அரைப் புரிக்காகக் கனடாவிலிருந்து ஒரு கிழவியை அலைக்கழித்திருக்கிறேன்!

நடுவில் போட ஒரு துண்டு கடைந்து தரட்டுமா என்று பாஸ் கேட்டார். எனக்கு ரோஷம், சரியான சாமான்தான் வேண்டும் என்றேன். "பெற்றோலே வராத பம்புக்கு எது பூட்டினா என்ன?" என்று மனைவி கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பழைய கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். மொரிஸ் மைனர் சாமான் இருக்கிறது, ஒஸ்டின் சாமான் இருக்கிறது, இது மட்டும் இல்லை. கடைசியில் ஒரு கடையில், இல்லை என்று தலையாட்டிய முதலாளிக்கு முன்னால், ஃபேன் காற்றில் பில்கள் பறக்காமல் இருக்கப் பாரத்துக்கு வைத்திருந்தாரே, அது நொசில்! நான் அதைப் பார்த்த பார்வையை அவர் பார்த்துவிட்டார். அதோடு விலை ஏறிவிட்டது. பேரம் பேசி, பில்களுக்கு மேலே வைக்க அரைச் செங்கல் ஒன்றும் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பூட்டினால் வெண்ணெய் மாதிரி ஏறியது.

பெரியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. போகும்போது தன் நொசிலைப் பம்பில் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போனார், அன்றைக்கு அதைக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டவைத்திருந்தேன். டிசம்பரில் திரும்ப வருகிறாராம். டேப் வாங்கிவிட்டேன்.