முதலில் மாட்டியது கப்பல்

இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்திலிருந்து மீன் பிடிக்க விடிகாலையில் கிளம்பினோம். எஸ்க் ஆற்று முகத்தின் இரண்டு அலைதடுப்புச் சுவர்களைத் தாண்டியதுமே வட கடல் தன் குணத்தைக் காட்டிவிட்டது. பின்னால் குன்றின் மேல் பழைய மடாலயத்தின் இடிபாடு. தென்கிழக்கே சால்ட்விக் நாப் பாறைகள். 1914 அக்டோபரில் ரோஹில்லா என்ற மருத்துவக் கப்பல் மோதி உடைந்தது அங்கேதான். பெயரைக் கேட்டு நிமிர்ந்தேன். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலாம்.

நாங்கள் தேடிப் போனது வேறொன்று. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த சரக்குக் கப்பல்கள் இந்தக் கடலில் நிறையக் கிடக்கின்றன. சுற்றிலும் வெறும் மணலும் சரளையும் என்பதால் ஒரு இரும்புக் கூடு கிடந்தால் போதும். நண்டு, சின்ன மீன் எல்லாம் குடியேறிவிடும். நீரோட்டத்துக்கு ஒதுங்க இடமும் இரையும் ஒன்றாகக் கிடைப்பதால் காட் (cod) மீனும் வந்து சேரும். நாங்கள் தேடிய கப்பலின் பெயரை மட்டும் படகை ஓட்டிய ஸ்கிப்பர் சொல்லவில்லை. ஜிபிஎஸ் எண்கள்தான் அவருடைய சொத்து!

நாளையும் அவர்தான் குறித்திருந்தார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகமாக இருக்கும், தூண்டில் நிற்காது. அட்டமிப் பக்கம்தான் தோது.

ஆழம் காட்டும் எதிரொலிக் கருவியின் திரையில் தட்டையாக ஓடிய கோடு திடீரென்று திமில் மாதிரி எழும்பியது. படகை நீரோட்டம் வரும் பக்கமாகக் கொண்டுபோய் எஞ்சினைச் சும்மா விட்டார். இனி நீரோட்டமே எங்களைக் கப்பலின் மேல் இழுத்துப் போகும். ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம். ரப்பர் மீனும் ஈயமும் இறங்கி, 'தட்' என்று தரை தொட்டது. பின்னல் தூண்டில் நரம்பு துளியும் நீளாது. அடியில் நடப்பதெல்லாம் விரலுக்குத் தெரிகிறது. மணல், மணல், அப்புறம் கரகரவென்று ஏதோ.

"தூக்கு!" என்று கத்தினார் ஸ்கிப்பர். யோசித்தேன். அவ்வளவுதான், கொக்கி இரும்பில் மாட்டிக்கொண்டது. நரம்பை அறுத்தோம். அடுத்த ஓட்டத்திலும் அதே கதை. பக்கத்தில் இருந்த பெரியவர் சிரிக்காமல், "பெரிய மீன்தான்" என்றார்.

நாலாவது ஓட்டத்தில் கரகரப்பு தெரிந்ததும் ரீலை ஐந்து சுற்று சுற்றினேன். கனமாக இரண்டு இடி. கம்பு வளைந்து கைப்பிடிச் சுவரைத் தொட்டது. முதல் பத்து மீட்டர்தான் சண்டை. மேலே வர வர அழுத்தம் குறைந்து, காற்றுப்பை ஊதி, மீன் ஓய்ந்துவிடுகிறது. இத்தனை ஆழத்திலிருந்து வந்ததைத் திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். அதனால் ஆளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஸ்கிப்பர். எனக்கு அந்த ஒன்றே போதும் என்றிருந்தது.

பச்சையும் பழுப்புமாகப் புள்ளிகள், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, தாடையில் ஒற்றை மீசை. திரும்பும் வழியில் பெரியவர் அதன் வயிற்றைக் கீறினார். உள்ளே ஐந்தாறு குட்டி நண்டுகள். ஒன்றின் கால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.