ஃபஸ் பெடலுக்கு அக்னி நட்சத்திரம் ஆகாது

மே மாதம், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, மத்தியானம் 2 மணி. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடலோடு (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) அங்கே உட்கார்ந்து 30 விநாடி கிட்டார் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு முதலில் அனுதாபம். காலையில் வழவழவென்று நீண்டு நின்ற ஸ்வரம் மத்தியானத்தில் தொண்டை கட்டிப் பாதியிலேயே அறுந்து போகும். பெடல் ரிப்பேர் இல்லை. சூடு ஏற ஏற ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் கூடும், பயாஸ் (டிரான்சிஸ்டர் வேலை செய்யும் மின் நிலை) நகரும், ஒலி திக்கித் திக்கி வரும். 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடல், முதலில் ஜெர்மானியத்தில்தான் வந்தது. அந்த ஊர் வெயிலை நம்பிச் செய்த சாமான்! நமக்குச் சிலிக்கான் டிரான்சிஸ்டர்தான் தோது. ஜெர்மானியம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் விடியற்காலையில் வாசிக்க வேண்டும். அப்போது பக்கத்து வீட்டு ஆச்சி விடமாட்டாள்.

"ஏலே, மோட்டாரு கருகுத சத்தம் கேக்கு. சுவிச்ச அமத்துல!"

"ஆச்சி, அது கிட்டாரு."

"கிட்டாரா? அதுக்கு என்னல வந்துச்சு?"

இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஜெர்மானியம் ஃபஸ் பலவற்றில் பாசிட்டிவ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களில் பெரும்பாலும் 9 வோல்ட், அடாப்டர் செருகியின் நடுப்பகுதி நெகட்டிவ், கிரவுண்டும் நெகட்டிவ். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் கிளை பிரித்துக் கொடுத்தால் பெடல்களை இணைக்கும் பேட்ச் கேபிளின் கிரவுண்டு வழியாக அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். ஃபஸ்ஸுக்குத் தனி பேட்டரி போடுங்கள். முடித்ததும் இன்புட் ஜாக்கில் இருக்கும் கேபிளை உருவிவிடுங்கள். பேட்டரியின் சுவிட்ச் அந்த ஜாக்கில்தான் இருக்கிறது. காலால் பெடலை அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

வரிசை: கிட்டார், ஃபஸ், டியூனர், ஓவர்டிரைவ் (ஃபஸ்ஸைவிட மென்மையாகக் கரகரக்கும் பெடல்), பிறகு இன்டர்ஃபேஸ் (கிட்டாரை லேப்டாப்பில் சேர்க்கும் பெட்டி). டியூனரை முன்னால் வைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அதில் பஃபர் (சிக்னலுக்குத் தெம்பு கொடுக்கும் சர்க்யூட்) இருந்தால் ஃபஸ் கீச்சிடும், கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் ஒலி தெளியாது. இந்த வகை ஃபஸ், கிட்டாரின் பிக்கப்பை (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இடையில் எதுவும் இல்லாமல் நேரடியாகப் பார்க்க வேண்டும். சுதி சேர்க்கும்போது ஃபஸ்ஸை அணைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது கொர்ர் என்ற இரைச்சல். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் மெல்லச் சுற்றுங்கள். (வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும்.) திசைக்குத் திசை இரைச்சல் மாறினால் அது காந்தப்புலம்: டியூப்லைட் சோக், அடாப்டர், பக்கத்திலுள்ள டிரான்ஸ்பார்மர். கிட்டார் கம்பியைத் தொட்டதும் குறைந்தால் எர்த்திங், ஷீல்டிங் பக்கம் பாருங்கள். லேப்டாப் சார்ஜரை உருவினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒல்லியாகக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தால், டிஜிட்டல் பெடலும் மற்ற பெடலும் ஒரே அடாப்டரைப் பங்கு போடுகின்றனவா என்று பாருங்கள். ஃபேன்தான் பெரிய தர்மசங்கடம். அமத்தினால் ஆள் வேகும். திருகும் வகை டிரையாக் ரெகுலேட்டர் நடு வேகத்தில்தான் அதிகம் கொர்ரிடும், முழு வேகத்தில் அடங்கும். மைக் வைக்காமல் நேரடியாகப் பதிகிறோம், காற்றுச் சத்தம் உள்ளே வராது. அதனால் முழு வேகத்தில் சுழல விடுங்கள். கோயில் கொடைக்கு மைக் செட் கட்டிய வாரத்தில் தெருமுனை வில்லுப்பாட்டுக்கும் இதே தைரியம்தான்.

இன்டர்ஃபேஸில் ஹை-இசட் இன்புட் (கிட்டாருக்கென்று உள்ள துளை), 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஃபஸ் ஓடும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெயினை வையுங்கள். அப்படியே போட்டுக் கேட்டால் கதண்டுக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் விழுங்கிவிடும். இங்கே ஸ்பீக்கரே இல்லை. மென்பொருளில் கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்துவைத்த கோப்பு) ஒன்று போடுங்கள். அது கிடைக்காவிட்டால் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டுங்கள். வெட்டாமல் நாலு பெடல் மாற்றிப் பார்ப்பது காசுக்குக் கேடு.

சுத்தமான ஒலியைப் பதிந்துவைத்து, பிறகு பெடல் வழியே அனுப்பலாமே என்று தோன்றும். ஓவர்டிரைவுக்கு அது சரிவரும், லைன் அவுட்புட்டை நன்றாகக் குறைத்து அனுப்பினால். ஃபஸ்ஸுக்கு வராது, எதிரே பிக்கப் இருக்காதே. எனவே ஃபஸ்ஸை நேரடியாகப் பதிந்துவிட்டு, டிலேயையும் (எதிரொலி) ரிவர்பையும் (அறை முழக்கம்) பிறகு மென்பொருளில் சேருங்கள்.

டிலே கணக்கு எளிது: 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள். 100 என்றால் 600 மில்லிசெகண்ட். குதித்து ஓட வேண்டுமானால் அதில் முக்கால், 450. பாருக்கு (தாளச் சுற்று) நாலு தட்டு என்ற கணக்கில் 12 பார் 28.8 விநாடியில் முடியும். திரும்ப ஒலிப்பது இரண்டு மூன்றுக்கு மேல் போனால் வாசித்தது எது, எதிரொலி எது என்று தெரியாது. கடைசி ஸ்வரம் ஓய நாலு விநாடி விட்டு நிறுத்துங்கள்.

அந்த நாலு விநாடியில்தான் கரண்ட் போகும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், இன்டர்ஃபேஸ் யுஎஸ்பியில் ஓடும், ஃபஸ் பழைய 9 வோல்ட்டில் ஓடும். டியூனரோ ஓவர்டிரைவோ டிலேயோ, வரிசையில் ஏதாவது ஒரு பெடலை அடாப்டரில் ஓட்டியவருக்கு வால் அறுந்து போகலாம்.